ஒரு கிலோ அறுநூறு

மார்ச் 4
மகளுக்குப் பெண் குழந்தை. இவருக்கு உடனே போய்ப் பார்க்க வேண்டுமாம். ரயிலில் எட்டு மணி நேரம். நுரையீரல் கெட்டதிலிருந்து மூக்கில் குழாய் இல்லாமல் இவரால் முடியாது. வீட்டில் கரண்ட்டில் ஓடும் மெஷின் இருக்கிறது, ரயிலுக்கு ஆக்சிஜன் சிலிண்டர்தான். பத்து மணி நேரம் வரும், தாராளமாகப் போகலாம் என்கிறார் டாக்டர்.

மார்ச் 5
ஒத்திகை பார்த்தேன். காலை ஏழு மணிக்குத் திறந்தது, இரண்டு அடிக்குமுன் தீர்ந்துவிட்டது. ரயிலில் இப்படி ஆகியிருந்தால்?

மார்ச் 6
கேஸ் கடைக்காரரிடம் கேட்டேன். நிரப்பும்போது மீட்டர் முள் ஃபுல் காட்டியதாம், நாங்கள்தான் அதிகம் திறந்துவிட்டோமாம். சரி, மறுபடி நிரப்புங்கள், எடை போட்டுப் பார்க்கிறேன் என்றேன்.
"காத்துக்கு எடையாம்மா?" என்று சிரித்தார்.
சிரிக்கட்டும். பார்சல் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் தராசு முன்னால் உட்கார்ந்தவள் நான்.

மார்ச் 7
காலி சிலிண்டர் 7 கிலோ 400. நிரப்பி வந்ததும் 8 கிலோ 500. உள்ளே 1100 கிராம்.
இருக்க வேண்டியது? மகளின் பழைய வேதியியல் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அறை வெப்பத்தில் எந்த வாயுவானாலும் 24 லிட்டர் ஒரு மோல் — மோலார் பருமன். சிலிண்டரில் எழுதியிருப்பது 1200 லிட்டர். 24-ஆல் வகுத்தால் 50 மோல். ஆக்சிஜனின் அணு எடை 16. 50 × 16 = 800 கிராம்.
அப்படியென்றால் கடைக்காரர் கூடுதலாகவே கொடுத்திருக்கிறாரா? வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 8
மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கணக்கு ஒன்று சொல்கிறது, கடிகாரம் ஒன்று சொல்கிறது. எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன். டிக்கெட் எடுத்தாச்சா என்று இவர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

மார்ச் 9
கண்டுபிடித்தது இவர்! நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.
"எடைக்காரி... ஆக்சிஜன் தனியா நிக்காது. ஜோடியாத்தான்... திரியும்."
16 இல்லை, 32! 50 × 32 = 1600. ஐநூறு கிராம் குறைகிறது. என் 16-ஐ அடித்துவிட்டுத் தன் கையாலேயே 32 எழுதினார்.

மார்ச் 10
சிலிண்டரையும் தராசையும் தாளையும் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். முள் ஃபுல் காட்டுகிறதே என்றார் மறுபடி. வேறு மீட்டரை மாட்டுங்கள் என்று நகராமல் நின்றேன். அரை மணி நேரம் இழுத்தடித்து மாட்டினார். முள் முக்காலைக்கூட எட்டவில்லை. அவர் முகம் செத்துவிட்டது.
"இதே மீட்டர்லதாம்மா எல்லாருக்கும் நிரப்பினேன்."
எல்லாருக்கும் போன் போட்டு முடிக்கும்வரை நான் கிளம்பவில்லை.

மார்ச் 11
மறுபடி நிரப்பி வந்தது 9 கிலோ. உள்ளே ஒரு கிலோ அறுநூறு. டிக்கெட் எடுத்தாயிற்று.

மார்ச் 16
மகள் வீடு. ரயில் ஒரு மணி நேரம் தாமதம், ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. சிலிண்டரில் இன்னும் மிச்சம் இருந்தது.
பேத்தியை இவர் மடியில் கிடத்தினோம். நேற்று எடை பார்த்தார்கள், மூன்று கிலோ இருநூறு என்றாள் மகள். இவர் ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.
"ரெண்டு சிலிண்டர்."
மகளுக்கு ஒன்றும் புரியவில்லை.