திரை ஓரத்துக் கட்டம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உடம்புக்குக் குறைவில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வேண்டுமென்றே இன்னும் நாலு தடவை கூடுதலாக ஏறுகிறாள், கேட்டால் காயப்போட்ட துணி தானா இறங்கி வருமா என்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். நான் போனை எடுத்தால் போதும், உன் தம்பி எதிரில் வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறான். காது கேட்காவிட்டால் என்ன, முகத்தை வைத்தே பாதியைப் பிடித்துவிடுவான். அதனால்தான் நிலையத்து கேன்டீனில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் டிவி நிலையத்தில் சைகைச் செய்தியை நிறுத்திவிட்டார்கள். அது மட்டும் இல்லை, மாலையில் வந்துகொண்டிருந்த நம் வட்டார நிகழ்ச்சி எல்லாமே போயிற்று. இனி தலைமை நிலையம் அனுப்புவதை வாங்கி அப்படியே மேலே ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை. நான் சேர்ந்த புதிதிலும் இப்படித்தான் இருந்தது, குன்றின் மேல் ஒரு கோபுரம், கீழே தகரக் கூரை போட்ட ஒரு கூடம், எங்களுக்கென்று ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. அப்புறம் மனு மேல் மனு போட்டு மாலையில் ஒரு மணி நேரம் வாங்கினோம். சந்தை விலை, அணையில் தண்ணீர் திறக்கிற அறிவிப்பு, பள்ளிக்கூடப் பாடம், காணாமல் போனவர்கள் படம், எந்த ஆஸ்பத்திரியில் யாருக்கு ரத்தம் வேண்டும் என்பது வரைக்கும் சொன்னோம். சைகைச் செய்தி சும்மா வந்துவிடவில்லை. காது கேளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிலையத்து வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அதில் முதல் வரிசையில் உன் அம்மா, உள்ளே பட்டன் அழுத்துகிற மேஜையில் நான். அப்போதைய இயக்குநர் என்னைக் கூப்பிட்டு உங்க வீட்டம்மாவ எழுந்து போகச் சொல்லுங்கய்யா என்றார். வீட்டுக்குள்ளயே என் பேச்ச கேக்க மாட்டா சார், வாசல்லயா கேக்கப்போறா என்றேன். மனுஷன் சிரித்துவிட்டார், திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டமும் கிடைத்தது.

அந்தக் கட்டத்துக்குள் வந்த அம்மாளைத்தான் நாம் செய்தி அத்தை என்று கூப்பிட்டோம். நம் வீட்டில் எல்லோரும் சைகை படித்தது அவரைப் பார்த்துத்தானே. ஒவ்வொரு செய்தி முடிந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிடுவார், அதுதான் பேச்சு முடிந்தது என்பதற்குச் சைகை என்று நினைத்து, கண்ணாடியே போடாத நாம் நாலு பேரும் வருஷக்கணக்கில் மூக்கைத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, ஐயோ அது என் கண்ணாடி வழுக்குதுங்க என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் தம்பி மட்டும் இன்றுவரை அதை விடவில்லை, அவனுக்கு மூக்கைத் தொட்டால்தான் பேச்சு முடிந்த மாதிரி.

கடைசி நாளன்று தலைமை நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து என் பின்னாலேயே நின்றார். செய்தி முடிந்து வாசிப்பவர் வணக்கம் சொல்லிவிட்டார், கட்டத்துக்குள் அத்தையின் கை நிற்கவில்லை. நாளையிலிருந்து நான் வரமாட்டேன், என்னையும் யாரும் கேட்கவில்லை, உங்களையும் யாரும் கேட்கவில்லை, பத்திரமாக இருங்கள் என்றார். என்ன இன்னும் முடியலையா, என்ன சொல்றாங்க என்று அதிகாரி கேட்டார். வானிலைதான் சார், இன்னைக்குக் கொஞ்சம் நீளம் என்றேன். அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடிந்தது சொல்லு. அத்தை கையை மடியில் வைத்ததும் இதே விரலால் பட்டனை அழுத்திக் கட்டத்தை எடுத்தேன்.

இப்போது தலைமை நிலையத்திலிருந்தும் ஒரு சைகைச் செய்தி வருகிறது, வேறு ஒரு பெண், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கை வேறு, நம் பக்கத்துச் சைகை வேறு. உன் தம்பி இரண்டு நாள் பார்த்துவிட்டு, இவங்க வேற ஊர்க் கை என்று எழுந்து போய்விட்டான். கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்கலாமே என்றால், அவனுக்கு நீள வாக்கியம் வந்தால் தடுமாறும், உனக்குத் தெரியாததா. போன வாரம் அணையைத் திறந்தார்கள். தலைமைச் செய்தியில் நம் ஆறு எதற்கு வரப்போகிறது? அவன் வேலை பார்க்கிற அச்சகத்தில் எல்லோரும் போனில் கேள்விப்பட்டு அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், பின்கட்டில் பைண்டிங் செய்துகொண்டிருந்தவனிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கெட்டவர்கள் இல்லை, மறந்துவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். அம்மா அழுதுகொண்டே திட்டினாள், அவன் தலையைத் துவட்டக்கூட விடவில்லை, நேராக என் முன்னால் வந்து நின்றான். அங்கே வேலை பார்ப்பது நீங்கள்தானே, அந்தக் கட்டத்தை வைப்பதும் எடுப்பதும் நீங்கள்தானே, திரும்ப வையுங்கள் என்றான்.

கேட்காமல் இல்லை. இயக்குநரைப் பார்த்தேன், மேலிடத்து உத்தரவு, என் தலைக்கு மேல போயிடுச்சு என்கிறார். வந்த அதிகாரியிடம் கேட்டேன், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். என் பையன் பார்க்கிறான் என்றேன். பாவம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பழையபடி வாசலில் போய் உட்காரலாம் என்று அம்மா கிளம்புகிறாள், உட்கார்ந்தால் எழுந்து போ என்று சொல்லக்கூட இப்போது உள்ளே ஆள் இல்லை. பாதி அறையைப் பூட்டிவிட்டார்கள். கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் மனம் நிறைந்து இருக்க வேண்டும், அப்பா அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது முகத்தை மட்டும் காட்டாமல் கை தெரிகிற மாதிரி தள்ளி உட்கார், அக்காவுக்குப் பாதி மறந்துபோச்சு என்று உன் தம்பி குறைப்படுகிறான். உன்னிடமும் கேட்பான், அத்தை எப்போது திரும்பி வருவார், அப்பா பேசிவிட்டாரா என்று. அப்பா முயற்சி செய்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதே. அவன் நம்பிவிடுவான்.

இப்படிக்கு,
உன் அப்பா