அண்ணன் சொன்னது உண்மைதான்

அன்பு அண்ணா,

உங்களை மண்டாயில் தகனம் செய்து நாற்பது நாள் ஆகிறது. இதை உங்கள் படத்துக்கு முன்னால் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் உங்களை நான் பொய்யராக்கியது நாலு பேர் முன்னால். அதனால் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

போன தீபாவளிக்குப் புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு நாட்டில் அரசியல் கைதிகளைப் படுத்தும் பாட்டைப் பற்றிக் கைப்பேசியில் செய்தி படித்துவிட்டு என் மகன் குமரன்தான் பேச்சை ஆரம்பித்தான். "நல்லவேளை, நம்ம ஊர்ல அப்படியெல்லாம் இல்ல லா."

"எனக்கு நடந்துச்சுடா," என்றீர்கள்.

"நீங்க உள்ள இருந்தது தெரியும் மாமா. ஆனா சாப்பாடு குடுத்தாங்க, டாக்டர் வந்து பாத்தாரு. யாரும் அடிக்கலையே?"

"அடிக்கல. ஈர பனியனோட ஏர்கான் ரூம்ல நிக்க வச்சாங்க. தூங்க விடல. எத்தனை நாள்னு எனக்கே தெரியாது."

"ப்ரூஃப் இருக்கா? இவ்வளவு வருஷத்துல மெமரி மாறிப் போயிருக்கும் மாமா."

"உங்கம்மாவக் கேளு. வந்து பாத்தவ அவ ஒருத்திதான்."

மருமகளும் பேத்திகளும்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நல்லாத்தான் இருந்தாரு," என்றேன்.

நீங்கள் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "அப்ப அவ சின்னப் பொண்ணு. மறந்திருப்பா," என்று எனக்காக நீங்களே சமாதானம் சொன்னீர்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நான் மறக்கவில்லை அண்ணா. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுத்தீர்கள், கூட்டம் போட்டீர்கள். ஒரு நாள் காலையில் போலீசார் வந்து உங்களை அழைத்துப் போனார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. மூன்று வருடம்.

முதல்முறை பார்க்க விட்டபோது நமக்கு நடுவில் கண்ணாடி இருந்தது. பேசுவதற்குத் தொலைபேசி. உங்களால் அதை ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்தும் நடுங்கியது. குளிரில் உதடு வெடித்திருந்தது. "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டீர்கள். நான் அழுதபோது, "அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லு," என்றீர்கள்.

சொன்னேன். அம்மா அதை நம்பியே கண்ணை மூடினார்கள். நீங்கள் கேட்டுக்கொண்ட அந்த ஒரு பொய்யை நான் எத்தனை வருடம் எனக்காகப் பயன்படுத்திக்கொண்டேன்! வேலை நிரந்தரமாகும்வரை என்றேன். கல்யாணம் ஆகும்வரை என்றேன். பிறகு குமரனுக்கு அரசாங்க வேலை. என்னை யாரும் மிரட்டவில்லை அண்ணா. யாருமே மிரட்டாமல் ஒருத்தி வாழ்நாள் முழுக்கப் பயப்பட முடியுமா? நான் பயந்தேன்.

போன வாரம் தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது குமரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தன் தே தாரிக் டீயைத் தொடவே இல்லை.

"அன்னைக்கே ஏன்மா சொல்லல? மாமா கதை விடுறாருன்னு நினைச்சேன். ஹாஸ்பிட்டல்ல இருந்தப்பகூட ரெண்டு தடவைதான் போனேன். அந்த நினைப்போடதானே கொள்ளி வச்சேன்?"

மூன்று வருடத்தைப் பறிகொடுத்து, கல்யாணமும் செய்துகொள்ளாமல் இருந்த உங்களுக்குப் பிள்ளை என்று இருந்தது அவன்தான். அவனையும் உங்களிடமிருந்து பிரித்தது நான். உங்களை உள்ளே வைத்தவர்கள் செய்ததற்கு அவர்கள் பொறுப்பு. இதற்கு யாரைக் கைகாட்டுவேன்?

உள்ளே இருந்தவர்களின் அனுபவங்களைப் பதிவு செய்யும் சில இளையர்கள் உங்களைத் தேடி உங்கள் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்து போனார்களே, அவர்களைத் தொலைபேசியில் நானே அழைத்தேன். வருகிற சனிக்கிழமை பிற்பகல் சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சின்னக் கூட்டம், அதில் நான் பேசுகிறேன். குமரனிடம் சொன்னேன்.

"பேர் சொல்லாம பேச முடியாதாம்மா? என் ஆபிஸ்ல..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவனைக் கட்டாயப்படுத்தும் தகுதி எனக்கு இல்லை.

என்னை மன்னியுங்கள் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் உடனே மன்னித்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

அவன் வந்தாலும் வராவிட்டாலும் நான் போவேன், அண்ணா. என் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்வேன். குரல் உடைந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். இனி யார் கேட்டாலும், யாருமே கேட்காவிட்டாலும், இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
தங்கை வசந்தா