சுத்தியல் வேண்டாத பஞ்ச் செட்

எருத்தேன்பதி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பூபதி அண்ணாவுக்கு,

நர்மதா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இந்த முறை அதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம். ஃபோனில் சொன்னால் என் வீட்டுக்காரர் காதில் விழும். அதனால் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் பக்கத்து வீட்டு சிஞ்சுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட இருக்கும் முறுக்கை நீங்களே தீர்த்துவிடாமல் அண்ணிக்கும் கொடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு குட்டி வண்டி மாடல் செய்யத் தகட்டில் வட்டம் வெட்டுகிற பஞ்ச்-டை செட் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டு இரண்டு படம் அனுப்பியிருந்தீர்கள். நான் எரிந்து விழுந்தேன். கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் பிரஸ் மிஷின் அவர் வலது கையில் இரண்டு விரலை எடுத்த பிறகு, குத்துகிற சாமான் எதுவும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்றேன். மனதில் வைக்காதீர்கள்.

விரல் போனதைவிட அவர் சும்மா உட்கார்ந்ததுதான் அண்ணா என்னைக் கொன்றது. கடுகளவு ரிவெட் ஆணி வைத்து ஆசை ஆசையாய்ச் செய்தாரே ஒரு குட்டி பஸ், அதைப் பாதியில் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டார். கல்யாண வீட்டில்கூட கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே எழுந்து வந்தார். இனி இந்த மனுஷன் எந்த வேலையையும் தொடவே மாட்டாரோ என்று பயந்து கிடந்தேன்.

அதனால் நானும் மகள் மௌனிகாவும் ஒரு கூத்துப் பண்ணினோம். வீட்டில் பிரஸ், பஞ்ச் என்ற பேச்சே எடுப்பதில்லை. பள்ளிக்கூடத்துத் தாளில் ஓட்டை போட அவள் வைத்திருந்த சின்னப் பஞ்சைக்கூட அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். சென்ற வாரம் அவர் அலமாரியெல்லாம் கலைத்து எதையோ தேடினார். மறுநாள் கஞ்சிக்கு அரிசி எடுக்கப் போனவர் அந்தப் பஞ்சோடு வந்து நின்றார். ஏம்புள்ள, இதைய எதுக்கு அரிசிக்குள்ள வெச்சே, நானு ஊடு பூராத் தேடிட்டிருக்கறேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்தார். எனக்குத் தெரியாமலே பஸ் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. முன் விளக்குக்கு வட்டம் வெட்டத்தான் அதைத் தேடியிருக்கிறார்.

ஆனால் அதில் அட்டைதான் வெட்ட வரும். பிளாஸ்டிக் தகடு ஓரம் பிய்ந்து போகிறது. பிறகுதான் உங்கள் படங்களைக் காட்டினேன். முதல் செட்டில் ஒரு கை பஞ்சை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், மறு கை சுத்தியலால் அடிக்க வேண்டும். அளவு நிறைய இருக்குது, ஆனா நம்ம கைக்கு ஆகாது என்றார். அந்தக் கையைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியது அன்றுதான். இரண்டாவது, மேலே திருகி இறக்குகிற செட். மூடி கண்ணாடி போல இருப்பதால் தகட்டில் எந்த இடத்தில் குத்துகிறோம் என்று பார்க்கலாம். பஞ்ச் கோணாமல் குழிக்குள் இறங்கும், வட்டம் சுத்தமாக விழும், இதுவே போதுமுங்கறேன் என்றார். அதையே அனுப்புங்கள்.

நேற்று விளக்கு வட்டத்தை அட்டையில் வெட்டிப் பார்த்தார். மௌனிகா அட்டையைப் பிடித்தாள். கம்பெனியில் பிரஸ் இறங்கும் முன் கூட நிற்பவரிடம் கை என்று குரல் கொடுப்பார்கள். எடுத்தாச்சு என்று பதில் வந்தால்தான் இறக்குவார்கள். அந்தப் பொம்மைப் பஞ்சுக்கும் அவர் அப்படியே கை என்று கேட்டார். எடுத்தாச்சுங்கப்பா என்று அவள் சொன்ன பிறகுதான் அழுத்தினார். வலது கையால்தான் அழுத்தினார் அண்ணா.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேசும்போது கை எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். பஸ்ஸுக்கு ரிவெட் வைத்தாயிற்றா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்வார்.

நீங்களும் அண்ணியும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரியமுள்ள தங்கை,
நர்மதா