மூன்றாம் வாசலுக்கு மேலே

ஜனவரி 12, ஞாயிறு
அலுவலகத்தில் எல்லோரும் குடும்பத்தோடு மலைக்கோட்டைக்குப் போனோம். கிளப்பிவிட்டவனே நான்தான். ஒரு மணி நேரத்தில் உச்சியில் நிற்கலாம் என்று வாரம் முழுக்க அளந்தேன். மூன்றாம் வாசலைத் தாண்டியதும் பாறையில் வெட்டிய படிகள். ஒரு பக்கம் மதில் இடிந்து வெறும் ஆகாயம். கீழே பார்த்தேன். கால் நகரவில்லை. கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சார் ஆச்சு?" மேலாளரின் மனைவி.

"இவளுக்குத் தலை சுத்துது மேடம். நீங்க போங்க."

வாய் கூசவில்லையே எனக்கு! என் மனைவி பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, கயிறு ஏறுகிறவள். இரண்டு படி மேலே நின்றவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 13
இவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.

ஜனவரி 20
"வீட்டுல இப்ப எப்படி இருக்காங்க?" என்று அலுவலகத்தில் ஆளாளுக்கு விசாரிப்பு. ஒருவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன் — என்ன ஜென்மம் நான்?

ஜனவரி 22
மேலாளரின் மனைவிதான் இவள் பள்ளித் தலைமையாசிரியை. பயத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை. மாணவிகளைக் கோட்டைக்கு அழைத்துப் போகும் பொறுப்பை இவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். "மயக்கம் வர்றவங்கள நம்பி நாப்பது பிள்ளைங்கள எப்படி அனுப்பறது?" என்றாராம். மூன்று மாதமாக அந்தப் பிள்ளைகளைப் பழக்கியவள்.

"நீ உள்ளத சொல்லியிருக்கலாமே."

"எம்புருஷன் பொய் சொல்றாருன்னு நான் போய்ச் சொல்லணுமா?"



ஜனவரி 23
பள்ளி வாசல் வரை போனேன். திரும்பிவிட்டேன்.

ஜனவரி 24
பள்ளிக்குள்ளேயே போய்ச் சொல்லிவிட்டேன். "அவளுக்கு ஒண்ணுமில்ல மேடம். பயந்தது நான்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சார், இதுக்குப் போயா?"

காது வரை சுட்டது. நாளைக்கு அலுவலகமே சிரிக்கும். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 8, சனி
கோட்டைப் பொறுப்பு மறுபடி இவளுக்கே. "பையெல்லாம் பாத்துக்க ஆள் வேணும், வாங்க" என்றாள். வந்தேன். கோட்டையின் முதல் வாசலில் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் ஏறக் கிளம்பும்போது வாசல் காவலர் கேட்டார்: "ஏன் சார், நீங்க ஏறலையா?"

விசிலை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். நாற்பது பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள்.

"எனக்கு உயரம்னா பயங்க" என்றேன்.

தன் பையையும் கழற்றி என் மடியில் வைத்தாள். அப்புறம்தான் விசில் ஊதினாள்.