அரைப்பேர்க்காரருக்குத் தலைவரி

ஐப்பசி 9, புதன்

மழை. நமுனுகுல மலை பாதி கரைந்து என் கடை வாசலில் சேறாகக் கிடக்கிறது. இனி எழுதப்போவதை ஒருவரும் நம்ப மாட்டார்கள், சத்தியம். என் பேனாவே நம்பாமல் மையைக் கக்குகிறது.

ஊர் அதிகாரி ஆராச்சி வந்தார். தங்கச்சி புருஷன் முத்தையா மாப்பிள்ளைக்குத் தலைவரியாம். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருந்தவரை வரி கிடையாது. ஆலை மெஷின் ஒரு காலைத் தின்றபின் என் கடைப் பின்னறைக்குக் குடிவந்தார் அல்லவா? ஹாலிஎலைக் கடைவீதியில் தலை இருந்தால் ரோட்டுக்கு வரி. கட்டாவிட்டால் ரோட்டில் கல் உடைக்க வேண்டும். ஒற்றைக் காலோடு!

கடலுக்கு அப்பால் இருக்கும் ராசாவுக்கு எங்கள் மாப்பிள்ளைக்குத் தலை இருப்பது எப்படித் தெரிந்தது? பிரமிப்பில் சோறு இறங்கவில்லை. இரண்டு தட்டுதான்.

10, வியாழன்

ஆராச்சி சொன்ன வழி: உடம்பு முடியாதவருக்கு வரி இல்லை. பதுளைக் கச்சேரியில், அரசாங்க ஆபீசில், போய்ச் சொல்லவேண்டும்.

தங்கச்சி அஞ்சலை: "எப்படியாவது பேசி முடிச்சிட்டு வாங்கண்ணே. இல்லாட்டி என் ஆட்டை வித்துத்தான் கட்டணும்." ஆடு சினை.

பதுளையில் வாங்க: மண்ணெண்ணெய், புகையிலை, லாடம்.

11, வெள்ளி

மாட்டுவண்டி. குளிர். மாப்பிள்ளை மடியில் துணி சுற்றிய பெரட்டுக் கொம்பு. கடைக்கு மேலே உள்ள தோட்டத்தில் விடியலில் அதை ஊதி ஆட்களை வரிசைக்குக் கூப்பிடுகிறார். கால் போனதும் துரை கொடுத்த வேலை.

கச்சேரித் தூண்கள் வானத்தைத் தாங்குகின்றன. கிளாக்கரின் மூக்குக்கண்ணாடி தேர்ச்சக்கரம்.

"முழுப்பேர் என்ன?"

"முழுப்பேரு கால் போன அன்னிக்கே போச்சுங்க. இப்ப அரைப்பேருதான்."

"அரையா? வரித்தாள்ல முத்தையான்னு இருக்கு. அதுல பாதி முத்தா, ஐயாவா?"

வராந்தாவே சிரித்தது. நான் பாய்ந்து விளக்கினேன்: தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி, அரைப்பேர் அதில் பாதி.

"ஓஹோ, கூலி வாங்குறாரா? அப்ப முடியாதவர் எப்படி? வரி உண்டு."

என் நாக்கை அங்கேயே அடகு வைத்திருக்கலாம். "கூலி இல்லீங்க, துரை இரக்கப்பட்டுக் குடுக்கிற தருமம்."

"தருமம்னா வரி இல்லை. அவரே சொல்லட்டும்."

காதில் கிசுகிசுத்தேன்: "மாப்ளே, ஆட்டை நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுட்டுதான் இருக்கேன் மச்சான்." கொம்பை எடுத்தார். "தருமமான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க சாமி."

ஊதினார்.

ஓடுகள் கூரையைவிட்டு எழுந்தன. பதுளை ஓயா ஆறு ஓடாமல் நின்றது. துன்ஹிந்த அருவி மேல்நோக்கி ஏறியது. வராந்தாவில் குந்தியிருந்த தோட்டத்து ஆட்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். கிளாக்கரும் எழுந்து வரிசையில் நின்றார்!

"கூலிதான்யா, கூலிதான்! நிறுத்து!"

"அப்ப வரியை எழுதுங்க. முத்தையா. முழுசா எழுதுங்க."

எத்தனையோ பட்டாபிஷேகம் மனசில் பார்த்தவன் நான். ஒற்றைக் காலில் ஒரு மனுஷன் இத்தனை உயரம் நின்று பார்த்ததில்லை.

லாடம் மறந்துபோச்சு.

12, சனி

வெயில். காலையில் ஆட்டை வாங்கியவர்கள் ஓட்டிப் போனார்கள். அஞ்சலை மாப்பிள்ளையோடு பேசுகிறாள். என்னோடு இல்லை, ஒரே ஒரு கேள்வி தவிர: "தருமம்னு அந்த மனுஷன் காதுபடச் சொன்னீங்களாமே?"

சரி. ஓடு எழவில்லை. ஓயா நிற்கவில்லை. அருவி இருந்த இடத்திலேயே விழுந்தது. கிளாக்கர் காதைப் பொத்தினார், அவ்வளவுதான். ஆனால் வரிசை நின்றது நிஜம். தோட்டத்தைவிட்டு வந்து இத்தனை வருஷம் கழித்தும், அதில் முதல் ஆளாக நின்றது நான்தான்.