மாலை கழற்றிய பிறகு

மார்கழி 21, திங்கள்

பனி. மாடியில் கறுப்பு வேட்டி இன்னும் ஈரம். இவர் சாயங்காலம் மலைக்கு. மாலை போட்டதிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. மாமியார் மகனை "சாமி" என்கிறார், நானும். சாமி என்று கூப்பிட்டால் திட்டு விழுவதில்லை. அதுவரை லாபம்.

டாக்டர் போன தடவை சொன்னது: "இன்னொரு வாட்டி குடிச்சா லிவர் தாங்காதும்மா."

வேலை பார்க்கும் லேபில் எலிக்கூண்டு கழுவினேன். எலிகளுக்கும் விரதம்தான். மாதக்கணக்கில் ஆல்கஹால் பாட்டில், தண்ணீர் பாட்டில் இரண்டும் வைத்தோம். கொஞ்ச நாளாக வெறும் தண்ணீர். புதன்கிழமை திரும்ப இரண்டும்.

மார்கழி 23, புதன்

நல்ல வெயில். கேஸ் புக் பண்ண மறந்தாச்சு.

பாட்டில் வைத்தோம். ஒரே பக்கம் போய்ப் பழகிவிடும் என்று தினமும் இடம் வலம் மாற்றுவோம். மாற்றித்தான் வைத்தேன். ஆல்கஹாலையே தேடிப்போய்க் குடித்தன, முன்னைவிட அதிகமாக. ஆராய்ச்சி நடத்தும் சாருக்கு ஏக சந்தோஷம். "பாத்தியாம்மா? நிறுத்திட்டுக் குடுத்தா இப்படித்தான்." தலையாட்டினேன்.

வால் முனை ஒடிந்தது ஒன்று மட்டும் தண்ணீரை விட்டு நகரவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்கழி 25, வெள்ளி

வந்துவிட்டார். அரவணை டப்பா இரண்டு, காலெல்லாம் வெடிப்பு. மாமியார் மாலையைக் கழற்றப் போனார். "பொங்கல் வரைக்கும் இருக்கட்டுமே" என்றேன்.

இவர் சிரித்தார். "இன்னாடி, சாமி கூடவே குடித்தனம் பண்லாம்னு பாக்குறியா?"

மாமியாரும் சிரித்தார். நானும்தான். மாலை சாமி படத்துக்குப் போய்விட்டது.

சாயங்காலம் வாசலில் இவர் கூட்டாளி, பைக்கில். "மச்சான், வர்றியா?"

"இன்னிக்கு வாணாண்டா."

அடுப்படியில் நின்று கேட்டேன். நம்பலாமா என்று தெரியவில்லை. ரசம் பொங்கி வழிந்தது.

மார்கழி 26, சனி

அரை நாள் வேலை. ரயிலில் ஊரப்பாக்கம் வரை நின்றபடியே. வீட்டில் இவர் இல்லை. மாமியார்: "மாமல்லபுரம் போய்கீறான். கடல் பாக்கணுமாம்." கடலை இவர் என்றைக்குப் பார்த்தார்?

இப்போது கூட்டாளி போன். "அண்ணி, பயப்படாத. நெம்மேலிகிட்ட பீச்சுல படுத்துகினு இருந்தான், ரத்தமா வாந்தி எடுத்துட்டான். ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். நேரா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

அழுகை வரவில்லை. ஃபைல், ஆதார், சார்ஜர், துண்டு. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. வரும்வரை இதை எழுதுகிறேன்.

மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. உள்ளிருந்து கேட்கிறார், "அவனுக்கும் சேத்து இட்லி ஊத்தட்டா?"

ஊத்துங்க என்றேன்.