குங்குமம் பட்ட ஃபிளாப்பி

இன்று ஆயுத பூஜை. அலுவலகத்துப் பிள்ளைகள் என் மடிக்கணினியின் மூடியில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வாசனை வந்ததுமே உன் ஞாபகம்தான். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

தல்லாகுளத்தில் நாம் வேலை பார்த்த மாடி அறை. டாஸில் ஓடும் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது, எழுதுவதெல்லாம் ஃபிளாப்பியில்தான் இருக்கும். அதில் நீயும் நானும் மாறி மாறி உட்கார்ந்து, ஒரு நூல் மில்லுக்குச் சம்பளக் கணக்கு போடும் புரோகிராம் எழுதினோம். "ஆளாளுக்கு வாங்கி வச்சு லெட்டர் அடிக்கிற மிசினு. இதுல போயி புரோகிராமா?" என்று மில் மேனேஜர் இளக்காரமாகக் கேட்டார். "ஓட்டிக் காட்டுறோம் சார், பெறகு சொல்லுங்க" என்றாய். மில் ஒப்புக்கொண்டால் உனக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேலை தேடி மெட்ராஸ் போக வேண்டும். கல்லுப்பட்டியில் படுத்த படுக்கையாய்க் கிடந்த உன் அம்மாவைப் பார்க்க வேறு நாதியில்லை.

விஜயதசமி நல்ல நாள் என்று மில்காரர்கள் அன்று காலை வருவதாக இருந்தது. முதல் நாள் பூஜையில் ஃபிளாப்பிகளை உறையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தது நீதான். "காப்பி எடுத்ததையும் வைப்போம்டி, அது மட்டும் என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றாய். அலுவலகம் கூட்டும் பாண்டியம்மாக்கா பயபக்தியோடு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மறுநாள் எடுத்துப் பார்த்தால், உள்ளே சுற்றும் தகடு வெளியே தெரியுமே, சரியாக அந்தத் திறப்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. இரண்டு ஃபிளாப்பியிலும்!

பாண்டியம்மாக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "சாமிக்குத்தானக்கா வச்சீக, சாமி கைவிட்டுருமா? போயி ஒரு கிண்ணத்துல நல்ல தண்ணி கொண்டாங்க" என்றாய். பிளேடால் ஃபிளாப்பியின் ஓரத்தைக் கீறி, உள்ளிருந்த மெல்லிய வட்டத்தை உருவி, தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றினாய். புது ஃபிளாப்பி ஒன்றைக் கீறி, காலியாக்கிய அதன் கூட்டுக்குள் இதைச் செருகினாய். "பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரில்ல இருக்கு" என்றேன். நீ சிரிக்கவில்லை. டிரைவ் வெகுநேரம் கரகரவென்று முனகியது. பிறகு நம் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாய்த் திரையில் வந்தன. முதல் வேலையாக வேறொரு ஃபிளாப்பியில் நகல் எடுத்தோம்.

மில்காரர்கள் பார்த்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். நீ சாப்பிடக்கூட நிற்காமல் கல்லுப்பட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். மறுநாள், "அம்மா என்னடி சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"இங்கனயேதான் இருக்கப் போறேன்னு சொன்னேன். 'அப்ப உலைய வையி, பசிக்குது'ன்னுச்சு" என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

உன் காரியத்துக்கு வந்தவர்களில் ஒருவர், "அம்புட்டுக் கெட்டிக்காரி, வெளியூர் போயிருந்தா எங்கயோ இருந்திருப்பா" என்று அங்கலாய்த்தார். எனக்குக் கோபம் வந்தது. எங்கேயோ இருக்கவா நீ ஆசைப்பட்டாய்? அக்காவிடம் அத்தனை தெம்பாகப் பேசிவிட்டுப் பிளேடைப் பிடித்தபோது உன் விரல்கள் நடுங்கின. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அம்மாவை விட்டுப் போகும்படி ஆகிவிடக் கூடாதே என்று நடுங்கிய அந்த விரல்களைத்தான் இன்றுவரை மனதில் வைத்திருக்கிறேன்.